சுவருக்குள் ஒரு சார்ஜர்: யுஎஸ்பி பாயிண்ட் பொருத்தும் முறை

மூன்று பின் சாக்கெட்டுக்குள் பித்தளைத் தகடுகளும் கம்பியைப் பிடித்துவைக்கும் திருகுகளும் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை அப்படியே ப்ளக்குக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதே இடத்தில் உட்காரும் யுஎஸ்பி மாட்யூல் அப்படிப்பட்டதல்ல. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை வாங்கி, நேர்மின்சாரமாக்கி, அதை மிக வேகமாகத் துண்டித்துத் துண்டித்துச் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 5 வோல்ட்டுக்கு இறக்கும் மின்னணுச் சுற்று அதற்குள் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், போனுடன் வரும் சார்ஜர்தான் பின்களை விட்டுவிட்டுச் சுவருக்குள் போயிருக்கிறது.

எதை வாங்குவது, எங்கே வைப்பது, எப்படி இணைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. நல்ல சாக்கெட் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். மின்னணுச் சுற்று அவ்வளவு காலம் தாங்குவதில்லை. அது தாங்கினாலும் யுஎஸ்பி தரம் அதற்குள் மாறிவிடுகிறது: 1996இல் வந்த யுஎஸ்பி, 2014இல் டைப்-சி வடிவம் எடுத்தது, 2023இல் ஐபோனும் டைப்-சிக்கு மாறியது. ஆகவே யுஎஸ்பி பாயிண்டை வீட்டோடு நிரந்தரமாக இருக்கும் பொருளாக எண்ணக்கூடாது. சில ஆண்டுகளில் கழற்றி மாற்றவேண்டிய பொருளாகவே எண்ணிப் பொருத்த வேண்டும்.

சாக்கெட்டை எடுக்க வேண்டுமா?

யுஎஸ்பி பாயிண்ட் வைக்க முடிவெடுத்ததும் பலர் முதலில் கைவைப்பது இருக்கிற மூன்று பின் சாக்கெட்டில். பெரும்பாலான வீடுகளில் அது தேவையில்லாத இழப்பு. அந்த சாக்கெட்டில் டேபிள் ஃபேன் செருகலாம், அயர்ன்பாக்ஸ் செருகலாம், நாளை வாங்கப்போகும் போனின் சார்ஜரையும் செருகலாம். யுஎஸ்பி மாட்யூலில் யுஎஸ்பி கேபிளைத் தவிர எதையும் செருக முடியாது. சாக்கெட்டை அப்படியே விட்டு அதன் பக்கத்தில் யுஎஸ்பியைச் சேர்ப்பதே நல்லது. சாக்கெட்டை எடுப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் மாட்யூலர் போர்டுதான் இருக்கும். அதன் பிளேட்டுகள் 3, 4, 6, 8, 12, 18 என்ற மாட்யூல் கணக்கில் வருகின்றன. ஒரு சுவிட்ச் ஒரு மாட்யூல் இடத்தை எடுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் இரண்டு மாட்யூல் எடுக்கும். யுஎஸ்பி பாயிண்ட் ஒரு மாட்யூல் அளவிலும் கிடைக்கிறது, இரண்டு மாட்யூல் அளவிலும் கிடைக்கிறது. போர்டில் வெற்று மூடி, அதாவது எலக்ட்ரீஷியன்கள் டம்மி என்று சொல்வது, ஒன்று இருந்தால் அந்த இடமே போதும். யாரும் பயன்படுத்தாத பழைய டிவி பாயிண்ட், டெலிபோன் பாயிண்ட் ஆகியவற்றின் இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றுக்கு வரும் மெல்லிய கம்பிகள் மின்சாரக் கம்பிகள் அல்ல; யுஎஸ்பி மாட்யூலுக்கு அவற்றைப் பயன்படுத்தவே கூடாது.

இடம் ஒரு மாட்யூல்தான் இருக்கிறது, யுஎஸ்பிக்குத் தனி சுவிட்ச் வைக்க வழியில்லை என்றால், பக்கத்து சாக்கெட்டின் சுவிட்சிலிருந்தே யுஎஸ்பிக்கும் ஃபேஸ் எடுக்கலாம். ஒரே சுவிட்ச் இரண்டையும் இயக்கும். சுவிட்சே இல்லாமல் நேரடியாக இணைப்பதும் நடைமுறையில் இருக்கிறது. மின்செலவை மட்டும் பார்த்தால் அதில் பெரிய நட்டமில்லை: எதுவும் செருகாத நிலையில் ஒரு மாட்யூல் 0.1 வாட் இழுத்தால் ஆண்டுக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. சுவிட்ச் வேண்டும் என்பதற்குக் காரணம் வேறு. இடி மின்னல் வேளையிலும், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போதும், மாட்யூல் பழுதாகும்போதும் அதை மட்டும் தனியே அணைக்க முடிய வேண்டும். சுவிட்ச் இருக்கும் மாட்யூல் மின்சாரத்தில் நிற்கும் நேரமும் குறைகிறது, அதனால் அதன் ஆயுளும் நீள்கிறது.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஆம்பியர் எண்ணை நம்பி வாங்குவோர் ஏமாறுவதுண்டு. பார்க்கவேண்டியது வாட். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 5 வோல்ட்டில் 2.1 ஆம்பியர் தரும் மாட்யூல் 10.5 வாட்தான் தரும். 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போன் அதில் முழுதாக ஏற இரண்டரை மணி நேரமாவது ஆகும். இரவில் செருகிக் காலையில் எடுப்பவருக்கு அது போதும். இன்னும் வேகமாக ஏற வேண்டும் என்பவருக்கு டைப்-சி துளையும் பவர் டெலிவரி என்ற வேக சார்ஜ் வசதியும் உள்ள 20 வாட் மாட்யூல் வேண்டும். அது 9 வோல்ட்டில் ஏறத்தாழ 2.2 ஆம்பியர் தரும். லேப்டாப்புக்கு 45 முதல் 65 வாட் வரை தேவைப்படும். அத்தகைய மாட்யூல்களும் வந்துவிட்டன. ஆனால் விலை அதிகம், சூடும் அதிகம்.

இரண்டு துளை உள்ள மாட்யூலில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்த்துத்தான். 3.1 ஆம்பியர் என்றிருந்தால் இரு போன்களும் அந்த 15.5 வாட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். வேக சார்ஜ் தரும் மாட்யூல்களிலும் இரண்டாவது கேபிளைச் செருகியவுடன் இரண்டு துளைகளும் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடுவது வழக்கம். பின்புறத்தில் சிறிய எழுத்தில் ஒவ்வொரு துளைக்கும் தனியளவும் மொத்த அளவும் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

ஒப்போ, ஒன்பிளஸ், ரியல்மி போன்றவற்றின் அதிவேக சார்ஜ் முறை அந்தந்த நிறுவனத்தின் சார்ஜருக்கும் கேபிளுக்கும் மட்டுமே உரியது. 65 வாட், 80 வாட் என்று விளம்பரப்படுத்தப்பட்ட போன் சுவர் மாட்யூலில் அந்த வேகத்தை எட்டாது. மெதுவாக ஏறும், அதனால் போனுக்குக் கெடுதல் இல்லை. அத்தகைய போன்களே வீட்டில் அதிகம் என்றால் யுஎஸ்பி பாயிண்டுக்குச் செலவழிப்பதைவிட இன்னொரு மூன்று பின் சாக்கெட் வைப்பது பயனுள்ளது.

மாட்யூல் ஏற்கும் உள்ளீட்டு வோல்ட்டேஜையும் கவனிக்க வேண்டும். 240 வரை என்று முடிவதைவிட 270 வரை தாங்கும் மாட்யூல் தமிழ்நாட்டுக்கு ஏற்றது. தெருக்கம்பத்திலோ வீட்டு மெயினிலோ நியூட்ரல் கட் ஆனால் சில பாயிண்டுகளில் 230 இருக்கவேண்டிய இடத்தில் 300 வோல்ட்டையும் தாண்டிவிடும். அப்போது முதலில் போவது இத்தகைய மின்னணுச் சுற்றுகள்தான். 270 வோல்ட் மாட்யூலும் அந்த நிலையில் தப்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றாட ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும்.

ஒரு நிறுவனத்தின் மாட்யூல் இன்னொரு நிறுவனத்தின் பிளேட்டில் பெரும்பாலும் உட்காராது. ஒரே நிறுவனத்தின் இரு தொடர்கள்கூட ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதுண்டு. இருக்கும் சுவிட்ச் ஒன்றைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவதே உறுதியான வழி. பிளேட்டின் பின்புறத்தைப் போட்டோ எடுத்துப்போனாலும் போதும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயரற்ற மாட்யூல்களைத் தவிர்க்க வேண்டும். கையில் பிடிக்கும் போனுக்கும் 230 வோல்ட்டுக்கும் இடையே நிற்பது அந்தச் சிறு டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு மட்டும்தான். அதில் மிச்சம் பிடிப்பது சரியான சிக்கனமல்ல.

எந்த போர்டில் வைப்பது

விளக்கு, ஃபேன் சுவிட்சுகள் மட்டுமே உள்ள போர்டில் பெரும்பாலும் நியூட்ரல் கம்பி இருக்காது. ஃபேஸ் மட்டும் வந்து, சுவிட்ச் வழியாக விளக்குக்குப் போகும். நியூட்ரல் மேலே விளக்குக்கே நேராகப் போயிருக்கும். யுஎஸ்பி மாட்யூலுக்கு ஃபேஸும் நியூட்ரலும் இரண்டும் வேண்டும். ஆகவே ஏற்கெனவே சாக்கெட் உள்ள போர்டே ஏற்றது. நியூட்ரல் இல்லாத இடத்தில் எர்த் கம்பியை நியூட்ரலாக வைத்து மாட்யூலை இயங்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்தான செயல். அந்த எர்த் எங்காவது விட்டுப்போனால் வீட்டிலுள்ள ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உடலில் மின்சாரம் ஏறும்.

கரண்ட் இல்லாத நேரத்தில்தான் போன் சார்ஜ் அதிகம் தேவைப்படுகிறது என்பதால் இன்வெர்ட்டர் லைனில் யுஎஸ்பியை வைப்பது நல்ல யோசனை. ஆனால் ஒரே போர்டில் இன்வெர்ட்டர் லைனும் ஈபி லைனும் சேர்ந்து வரும் வீடுகள் பல உண்டு. ஃபேஸை ஒன்றிலிருந்தும் நியூட்ரலை மற்றொன்றிலிருந்தும் எடுத்தால், கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழும். இரண்டும் ஒரே லைனைச் சேர்ந்தவையா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஏசி, கீசர் ஆகியவற்றுக்கான 16 ஆம்பியர் பாயிண்டை யுஎஸ்பிக்கு மாற்றக்கூடாது. அங்கே வரும் தடித்த கம்பி மாட்யூலின் சிறு முனையில் சரியாக உட்காராது. மின்சாரம் அளவுமீறினால் அந்த லைனைத் துண்டிக்கும் எம்சிபியும் இவ்வளவு சிறிய கருவிக்குக் காவலாக இருக்கும் அளவில் இல்லை.

சூடு அடுத்த பிரச்சினை. 20 வாட் மாட்யூலின் திறன் 85 விழுக்காடு என்றால் மூன்றரை வாட் வெப்பமாக மூடிய பாக்ஸுக்குள்ளேயே தங்குகிறது. உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகும். கோடையில் பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கும் மேற்குச் சுவர், அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் இரண்டும் இதற்கு உகந்தவை அல்ல. சிங்க், குளியலறை அருகே வைக்கவே கூடாது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று யுஎஸ்பி துளையின் மெல்லிய தொடுமுனைகளை அரித்துவிடும். மூடி உள்ள மாட்யூலாகப் பார்த்து வாங்குவது அங்கே நல்லது.

உயரத்தையும் யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் சுவிட்ச் போர்டு பெரும்பாலும் தரையிலிருந்து நான்கடிக்கு மேலே இருக்கிறது. அங்கே யுஎஸ்பியை வைத்தால் போன் கேபிளிலேயே தொங்கும். துளை சீக்கிரம் தளர்ந்துவிடும். கட்டிலுக்குப் பக்கத்தில், படிக்கும் மேசைக்கு மேலே என்று போனை வைக்க ஓர் இடம் இருக்கும் போர்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் எல்லா போர்டிலும் வைக்கத் தேவையில்லை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு அல்லது மூன்று நல்ல மாட்யூல்கள் தாராளம்.

யார் செய்யலாம்

மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி வீட்டு மின்நிறுவலில் சேர்ப்பது, மாற்றுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாகவே செய்ய வேண்டும். விளக்கு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றை நிறுவலின் திறனோ தன்மையோ மாறாதபடி மாற்றுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. புதிதாக லைன் இழுப்பது, பாக்ஸைப் பெரிதாக்கச் சுவரைக் கொத்துவது ஆகியவை அந்த விலக்கில் வராது. கீழே வரும் விவரங்கள், வேலை தெரிந்தவர் செய்யும்போது வீட்டுக்காரர் உடனிருந்து சரிபார்க்கவும் பயன்படும்.

வேலையின் வரிசை

முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது. தமிழ்நாட்டு வீடுகளில் பலர் தவறுவது இங்கேதான். மெயினை அணைத்தவுடன் கரண்ட் போய்விட்டதாக எண்ணி இன்வெர்ட்டர் தானாக இயங்கத் தொடங்கும். போர்டில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். ஆகவே முதலில் இன்வெர்ட்டரை அணைத்து, அதன் வெளியீட்டு ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு, பிறகு மெயினை அணைக்க வேண்டும். மூன்று ஃபேஸ் உள்ள வீடுகளில் ஒரே போர்டுக்குள் இரண்டு ஃபேஸ் வந்திருக்கக்கூடும். இரண்டுக்கும் இடையே 400 வோல்ட் இருக்கும். ஒரு எம்சிபியை மட்டும் இறக்கிவிட்டு அந்த போர்டைத் திறக்கக்கூடாது. மெயினையே அணைக்க வேண்டும்.

அடுத்து, மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்வது. டெஸ்டர் எரியவில்லை என்றால் மின்சாரம் இல்லை என்றும் இருக்கலாம், டெஸ்டர் கெட்டுவிட்டது என்றும் இருக்கலாம். மின்சாரம் இருக்கும்போதே சாக்கெட்டில் டெஸ்டரை வைத்து எரிவதைப் பார்த்துக்கொண்டு, அணைத்தபின் மறுபடி பார்க்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளப்பது இன்னும் நம்பகமானது. வெளிப் பிளேட்டை நெம்பி எடுத்து, உள் ஃபிரேமின் திருகுகளைக் கழற்றி, போர்டை முன்னால் இழுத்ததும் எல்லாக் கம்பிமுனைகளிலும் மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும். எதையும் அவிழ்க்குமுன் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பிறகு குழப்பம் வராது.

ஃபேஸ் கம்பி சிவப்பு, மஞ்சள் அல்லது நீலமாகவும், நியூட்ரல் கறுப்பாகவும், எர்த் பச்சையாகவும் இருப்பது நம் வழக்கம். ஆனால் கையிருப்பில் இருந்த நிறத்தை இழுத்துவிட்டுப் போன எலக்ட்ரீஷியன்களும் உண்டு. நிறத்தை நம்பாமல் சோதனையை நம்ப வேண்டும்.

சுவிட்சுகளின் கீழ்முனைகளில் ஃபேஸ் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு லூப் ஆகிப் போகும். யுஎஸ்பிக்குத் தனி சுவிட்ச் வைத்தால் அந்த லூப்பிலிருந்து ஃபேஸை எடுத்து, சுவிட்சின் மறுமுனையிலிருந்து மாட்யூலின் எல் (L) முனைக்குக் கொண்டுபோக வேண்டும். சாக்கெட்டின் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பி மாட்யூலின் என் (N) முனைக்குப் போகும். பெரும்பாலான யுஎஸ்பி மாட்யூல்களுக்கு எர்த் முனை கிடையாது.

20 வாட் தரும்போதுகூட மாட்யூல் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியதுதான். அதனால் மெல்லிய கம்பி போதும் என்று நினைப்பது தவறு. கம்பியின் தடிமன் அந்த லைனின் எம்சிபிக்கு ஈடாக இருக்க வேண்டும். ஷார்ட் ஆகும்போது எம்சிபி விழுவதற்குள் கம்பி எரிந்துவிடக் கூடாது. 1 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள செப்புக் கம்பியே பொருத்தமானது. முனையில் மாட்யூல் தயாரிப்பாளர் சொன்ன நீளம் மட்டும், சாதாரணமாக 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை, உறையைச் சீவி, இழைகளை நன்றாக முறுக்கி உள்ளே விட வேண்டும். திருகை இறுக்கியபின் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். வெளியே செம்பு தெரியவும் கூடாது. திருகு உறையின் மேல் கடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. சுவிட்ச் போர்டு கருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் தளர்ந்த திருகுதான். போர்டு திறந்திருக்கும்போதே மற்ற முனைகளையும் ஒருமுறை இறுக்கிவிடுவது நல்லது.

சாக்கெட்டை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே யுஎஸ்பி வைப்பதானால் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். அந்த சாக்கெட்டின் முனைகளில் இரண்டு இரண்டு கம்பிகள் இருந்தால், இங்கிருந்து அடுத்த போர்டுக்கு லூப் போகிறது என்று பொருள். நியூட்ரலை அவிழ்த்து ஒன்றை மட்டும் இணைத்தால் அடுத்த அறை இருண்டுவிடும்; எர்த்தை அவிழ்த்து அப்படியே விட்டால் எதுவும் அணையாது, ஆனால் அடுத்த போர்டுகள் எர்த் இல்லாமல் நிற்கும். இரண்டாவதுதான் கொடியது, ஏனெனில் அது வெளியே தெரியாது. எர்த் கம்பிகளைக் கனெக்டர் போட்டு இறுக்கமாக இணைத்து, பாக்ஸுக்குள் பத்திரமாக வைக்க வேண்டும். ஒருபோதும் வெட்டிவிடக் கூடாது.

மாட்யூல் சுவிட்சைவிட ஆழமானது. பாக்ஸில் கம்பிகள் ஏற்கெனவே நெருக்கியிருந்தால் மாட்யூல் அவற்றை நசுக்கும். ஃபிரேமைக் கையால் அழுத்தித்தான் உள்ளே தள்ள முடிகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, கம்பிகளை ஓரமாக ஒழுங்குபடுத்த வேண்டும். அப்போதும் இடமில்லை என்றால் அந்த போர்டு யுஎஸ்பிக்கு ஏற்றதல்ல.

மரப்பெட்டியின் மேல் ஹைலம் தகடு வைத்த பழைய போர்டுகளில் உள்ளே இடம் தாராளமாக இருக்கும். ஆனால் கம்பிகளின் உறை காய்ந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கக்கூடும். சில வீடுகளில் அலுமினியக் கம்பியும் இருக்கும். இரண்டுமுறை மடக்கினால் ஒடிந்துவிடும். அத்தகைய வீட்டில் யுஎஸ்பிக்குமுன் செய்யவேண்டியது வயரிங்கை மாற்றுவது.

பொருத்தியபின்

ஃபிரேமைத் திருகி, பிளேட்டை மூடி, மெயினையும் பிறகு இன்வெர்ட்டரையும் போட்டு, பழைய விளக்குகளும் சாக்கெட்டுகளும் முன்போல இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். யுஎஸ்பி மீட்டர் இருந்தால் சார்ஜ் தொடங்கும்முன் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் காட்டுவது சரி. போனைச் செருகி ஒரு மணி நேரம் கழித்து பிளேட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கைவைக்க முடியாத சூடு இயல்பல்ல. உலோக உடல் கொண்ட போனை சார்ஜில் இருக்கும்போது தடவினால் மெல்லிய கூச்சம் தெரிவதுண்டு. எர்த் இல்லாத எல்லா சார்ஜர்களிலும் மிகச்சிறு கசிவு இருப்பதால் அது நேர்கிறது. சுள்ளென்று ஷாக் அடித்தால் அந்த மாட்யூல் பழுது. உடனே அணைக்க வேண்டும்.

எதிர்பார்த்த வேகம் வராவிட்டால் மாட்யூலைக் குறைசொல்லுமுன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்வரை கொண்டுபோகும். 5 ஆம்பியருக்குத் தனியாக அடையாளச் சில்லு பதித்த கேபிள் வேண்டும். மலிவான நீளக் கேபிளில் வேகம் குறைந்துவிடும்.

பின்னாளில் எலக்ட்ரீஷியன் வீட்டு வயரிங்கின் காப்பை மெகர் கருவியால் சோதிக்க வந்தால் யுஎஸ்பி மாட்யூல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெகர் அனுப்பும் 500 வோல்ட் நேர்மின்சாரம் மாட்யூலைக் கெடுக்கலாம். சோதனை முடிவையும் தவறாகக் காட்டலாம். அவற்றைக் கழற்றிவிட்டே சோதிக்க வேண்டும்.

துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், எரிந்த பிளாஸ்டிக் வாடை, விடாத சீறல் ஒலி, செருகினால் விட்டுவிட்டு ஏறுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மாட்யூலின் காலம் முடிந்துவிட்டது. அதைத் திறந்து பழுதுபார்க்க முயலக்கூடாது. சுவிட்சை அணைத்துவிட்டு, புது மாட்யூல் வரும்வரை பக்கத்து மூன்று பின் சாக்கெட்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.